கடலில் இட்ட தூண்டில்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் கம்பரையோ வள்ளுவரையோ துணைக்கு அழைத்து வருவது வழக்கம். நமக்கு அந்தத் துணிவு இல்லை. நமது படிப்பு பள்ளி இறுதி வகுப்போடு நின்றது. அதன் பிறகு நாம் படித்தவை எல்லாம் இரயில்வேக் கோப்புகளே. ஆகவே, செயலாளர் அவர்கள் நம்மைப் பேச அழைத்தபோது தயங்கினோம். “உங்களுக்கு எது தெரியுமோ அதைச் சொல்லுங்கள் சார், அது போதும்” என்றார் அவர். நமக்குத் தெரிந்தவை இரண்டு. ஒன்று, விடுப்பு விண்ணப்பங்களை ஒழுங்குபடுத்துவது. மற்றொன்று, தூண்டில் போடுவது. முதலாவதைக் கேட்க இங்கு யாரும் வந்திருக்கமாட்டீர்கள் என்பதால் இரண்டாவதைப் பற்றிப் பேசத் துணிகின்றோம்.

நம் சங்கத்தில் புலால் உண்ணாத அன்பர்கள் பலர் உளர். அவர்கள் பொறுத்தருள வேண்டும். இறுதிவரை இருந்து கேட்பீர்களாயின், மீனைப் பிடிப்பதைவிட மீனை விடுவதைப் பற்றியே நாம் மிகுதியாகப் பேசினோம் என்பதை உணர்வீர்கள்.

நமது சொந்த ஊர் தரங்கம்பாடிக்கு அண்மையில் உள்ள ஒரு சிற்றூர். வாய்க்காற் கரையில் மூங்கிற் குச்சியும் நூலும் மண்புழுவுமாகக் கெண்டை பிடித்தே நமது இளமை கழிந்தது. பணியின் பொருட்டுக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தபோது, இந்நகரத்தில் நமக்கு மொழி தெரியாது, ஆளும் தெரியாது. அலுவலகத்தில் அடுத்த மேசையில் இருந்த வங்காள நண்பர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்மைத் தம்மோடு குளக்கரைக்கு அழைத்துச் சென்றார். அவரை நாம் தாதா என்று அழைப்போம். வங்காளத்தில் அண்ணனுக்கு அதுவே பெயர். காசு கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு, குளக்கரையில் இடம் பிடித்து, காலை முதல் மாலை வரை நீர்மேல் மிதக்கும் தக்கையையே நோக்கி அமர்ந்திருக்கும் கூட்டத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம். அவர்கள் தூண்டிற் கோலைச் சிப் என்கின்றனர். தக்கையைப் பாத்னா என்கின்றனர். முள்ளில் கோக்கும் இரையை டோப் என்கின்றனர். பிண்ணாக்கும் வாசனைப் பொருள்களும் கலந்து புளிக்க வைத்து நீரில் இடும் கவர்ச்சி உணவுக்குச் சார் என்று பெயர். அந்தச் சாரின் பக்குவம் வீட்டுக்கு வீடு இரகசியம். எறும்பு முட்டையை இரையாகக் கோக்கும் கலையையும் அங்கேதான் கற்றோம். வங்காளி மொழியில் நாம் முதலில் கற்ற சொற்கள் இவையே. மொழி தெரியாத ஊரில் ஒருவன் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டால், அவ்வூர் அவனுக்குப் பாதி சொந்தமாகிவிடுகின்றது.

குளத்து மீன் வேறு, உப்புநீர் மீன் வேறு. குளத்தில் மீன் எங்கும் போய்விடாது. பொறுமை ஒன்றே போதும். உப்புநீரிலோ ஏற்றவற்றம் என்னும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கின்றது. நீர் ஏறும்போது சிறு மீன்கள் கரையை நோக்கி வருகின்றன. அவற்றைத் துரத்திப் பெரு மீன்கள் வருகின்றன. நீர் திரும்புகின்ற அந்தச் சிறு பொழுதில் தூண்டில் நீரில் இருந்தாக வேண்டும். இரயில்வேக்காரனுக்கு இது எளிதில் விளங்கும். வண்டி நமக்காக நிற்பதில்லை. நாம்தான் நேரத்திற்குப் போய் நிற்க வேண்டும்.

அந்த உப்புநீரை நமக்குக் காட்டியவரும் தாதாவே. சில ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், சியால்டாவில் விடியற்கால வண்டி ஏறிக் கானிங் சென்றோம். சியால்டாவிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர். 1860-களிலேயே போடப்பட்ட பழைய பாதை அது. மாத்லா ஆற்றங்கரையில் ஒரு பெருந்துறைமுகம் எழும் என்று நம்பி வெள்ளையர் அதை அமைத்தனர். துறைமுகம் நிலைக்கவில்லை; பாதை நிலைத்தது. இன்று அது சுந்தரவனத்துக்குச் செல்வோர்க்கு வாயிலாக உள்ளது. வண்டியை விட்டு இறங்கியதும் உப்புக் காற்று நம் முகத்தில் அறைந்தது. தரங்கம்பாடிக் காற்றே நம்மைத் தேடி இத்தனை தூரம் வந்ததுபோல் இருந்தது.

நாம் நாடிச் சென்ற மீன் பேட்கி. நம் ஊரில் அதற்குக் கொடுவா என்று பெயர். கல்கத்தாக் கலியாண வீடுகளில் வறுத்து வைக்கின்றார்களே, அதே மீன். உயிருள்ள இறாலை முள்ளில் கோத்து, ஈயக் குண்டு கட்டி, நீர் திரும்பும் நேரத்தில் எறிந்தோம். நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு நமது தங்கூசி விறைத்தது. கொடுவா முள்ளில் பட்டதும் நீரை விட்டு மேலே எகிறித் தலையை உதறும். அந்த உதறலில் பலர் மீனை இழப்பர். நாம் இழக்கவில்லை. கரைக்கு இழுத்துப் பார்த்தால், ஒரு முழத்துக்கும் குறைவான குட்டி. ஆயினும் நமக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அன்று ஊரிலிருந்து மைத்துனர் வந்திருந்தார். “மாலை மீனோடு வருகிறோம்” என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தோம்.

தாதா வந்து மீனைப் பார்த்தார். கைகளை நீரில் நனைத்துக்கொண்டார். மெல்ல முள்ளைக் கழற்றினார். மீனை நீருக்குள் சிறிது நேரம் தாங்கிப் பிடித்தார். அது வாலை அசைத்ததும் விட்டுவிட்டார்.

நமக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. “தாதா, அது நம்முடைய மீன் அல்லவா?” என்றோம்.

“இன்னும் இல்லை, தம்பி. வளரட்டும்” என்றார் அவர். அதற்குமேல் பேசவில்லை.

அன்று வேறு மீன் கிடைக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பினோம். வீட்டில் சொன்ன வாக்கு உறுத்தியது. வழியில் ஓர் அங்காடியில் சின்னஞ்சிறு இலிஷ் மீன்களைக் குவித்து வைத்து விற்றனர். கோகா இலிஷ் என்று அவற்றுக்குப் பெயர். கோகா என்றால் சிறு பிள்ளை. பெரிய இலிஷின் விலை எழுத்தர் சம்பளத்துக்கு எட்டாது. இதுவோ மலிவு. ஆறு மீன் வாங்கினோம். மைத்துனர் முள்ளுக்கு அஞ்சி அஞ்சி உண்டார். நமது மானம் காப்பாற்றப்பட்டது என்று நினைத்தோம். ஒரு குட்டியைத் தாதா விட்டதற்காகக் காலையில் அவரிடம் சண்டை பிடித்த நாம், மாலையில் ஆறு குட்டிகளைக் காசு கொடுத்து வாங்கினோம் என்பது அப்போது நமக்கு உறைக்கவில்லை. உறைப்பதற்குச் சில காலம் பிடித்தது. அந்தக் கதையைச் சொல்லவே இங்கு நிற்கின்றோம்.

அதை உறைக்கச் செய்தவன் நமது தங்கை மகன். அவன் கனடா நாட்டில், பசிபிக் பெருங்கடலின் கரையிலுள்ள வான்கூவரில் பணிபுரிகின்றான். மாமனுக்குத் தூண்டில் பைத்தியம் என்று அறிந்தவன் ஆதலால், அங்குள்ள கடல் தூண்டில் விளையாட்டைப் பற்றி அடிக்கடி எழுதுவான். அவன் எழுதியதைக் கொண்டும், பிறகு நாமே தேடிப் படித்ததைக் கொண்டும் சிலவற்றைக் கூறுகின்றோம்.

அக்கடலில் தூண்டிற்காரர்கள் தேடிச் செல்லும் மீன்கள் முதன்மையாக இரண்டு. ஒன்று ஸால்மன், மற்றது ஹாலிபட். அமெரிக்கக் கரையில் பசிபிக் ஸால்மனில் ஐந்து வகை உண்டு. அவற்றுள் பெரியது சினூக். 1985-இல் அலாஸ்காவின் கீனை ஆற்றில் தூண்டிலில் பிடிபட்ட சினூக் ஒன்று 97 பவுண்டுக்குமேல் இருந்தது. அதாவது 44 கிலோ. ஸால்மனைப் பிடிக்கப் படகை மெல்ல ஓட்டிக்கொண்டே தூண்டிலைப் பின்னால் இழுத்துச் செல்வர். மீன் நீரில் எந்த ஆழத்தில் திரிகின்றதோ அந்த ஆழத்துக்குக் கனத்த குண்டினால் தூண்டிலை இறக்குவர். ஹெர்ரிங் என்னும் சிறுமீனையோ, அதுபோல் பளபளக்கும் தகட்டையோ இரையாக வைப்பர்.

ஹாலிபட் தட்டையான மீன். கடலின் அடித்தரையில் படுத்துக் கிடக்கும். அதற்குப் படகை நிறுத்தி, கனத்த ஈயத்தோடு இரையை அடிவரை இறக்க வேண்டும். 1996-இல் அலாஸ்காவின் டச்சுத் துறைமுகத்தில் தூண்டிலில் சிக்கிய ஹாலிபட் 459 பவுண்டு. ஏறத்தாழ 208 கிலோ. கதவு ஒன்றைக் கடலடியிலிருந்து கயிறு கட்டி இழுப்பதுபோல் இருக்கும் என்று மருமகன் எழுதியிருந்தான். பாதி தூரம் மேலே வந்த மீன் மனத்தை மாற்றிக்கொண்டு மீண்டும் அடிக்கே பாய்ந்துவிடுமாம். பெரிய மீனை அப்படியே படகில் ஏற்றினால் அதன் வால் அடியில் மனிதன் காலே முறியக்கூடும்.

இந்த ஹாலிபட்டைப் பற்றிப் படிக்கும்போது நமக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. குஞ்சாக இருக்கும்போது அது மற்ற மீன்களைப் போல நிமிர்ந்தே நீந்துகின்றது; பக்கத்துக்கு ஒரு கண் உண்டு. வளர வளர இடக்கண் தலையைச் சுற்றி நகர்ந்து வலப்பக்கம் வந்துவிடுகின்றது. பிறகு குருட்டுப் பக்கத்தைத் தரையில் வைத்து, இரு கண்ணாலும் மேலே நோக்கிக் கிடக்கின்றது. இத்தகைய தட்டை மீன்களின் கூட்டத்தில் நம் நாட்டு மீன் ஒன்றும் உண்டு. ஆங்கிலத்தில் அதை இந்திய ஹாலிபட் என்பர். உண்மையான ஹாலிபட் அன்று. அளவிலும் அதற்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் விஞ்ஞானிகள் அதற்கு இட்ட பெயர் செட்டோடிஸ் எருமெய். எருமெய் என்பது எந்த நாட்டுச் சொல் என்று நினைக்கின்றீர்கள்? நம் தமிழ்ச் சொல்லேதான். எருமைநாக்கு என்று நம் கடற்கரை மக்கள் அழைக்கும் மீன் அது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் ஆட்சி நடந்த காலத்தில், அங்கிருந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்னும் பாதிரியார் மீன்களைச் சேர்த்து ஜெர்மனியில் இருந்த ப்ளாக் என்னும் அறிஞருக்கு அனுப்பிவந்தார். ப்ளாக் மறைந்தபின் ஷ்னைடர் என்பவர் முடித்து 1801-இல் வெளியிட்ட நூலில் எருமை இலத்தீன் உடை உடுத்திக்கொண்டது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பரதவர் “இது எருமைநாக்கு, ஐயா” என்று சொல்லியிருப்பார். அந்தச் சொல் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகத்து மீன் நூல்களிலெல்லாம் நிற்கின்றது. நமது ஊருக்குப் பக்கத்துக் கடற்கரையில் நிகழ்ந்த இச்செயலை நாம் கல்கத்தாவில் நாற்பது வயதுக்குமேல், கனடாவிலிருந்து வந்த கடிதத்தின் பயனாக அறிந்தோம் என்பதை எண்ணினால் நாணமாகவும் இருக்கின்றது, பெருமையாகவும் இருக்கின்றது.

இனி, அக்கடலில் தூண்டில் போடுவோரின் முறைமைகளைக் கேளுங்கள். கனடாவின் காம்ப்பெல் ரிவர் என்னும் ஊரில் 1924-இல் தோன்றிய டையீ கழகம் என்று ஒன்று உண்டு. டையீ என்பது அந்நாட்டுப் பழங்குடி மக்களோடு நடந்த வாணிகத்தில் பழகிய சொல். தலைவன் என்று பொருள். 30 பவுண்டும் அதற்குமேலும் உள்ள சினூக் ஸால்மனுக்கு அப்பெயர். அக்கழகத்தில் உறுப்பினராக வேண்டுமானால் சந்தா மட்டும் கட்டினால் போதாது. ஒரு டையீயைப் பிடிக்க வேண்டும். அதையும் எப்படிப் பிடிக்க வேண்டும்? இயந்திரப் படகு கூடாது, துடுப்புப் படகுதான். உயிர் இரை கூடாது, செயற்கை இரைதான். முள் ஒன்றுதான். நரம்பு 20 பவுண்டுக்கு மேற்பட்ட பாரம் தாங்குவதாக இருக்கக் கூடாது. 30 பவுண்டு மீனை 20 பவுண்டு நரம்பினால் பிடிப்பது என்றால், முரட்டுத்தனம் உதவாது. மீன் ஓடும்போது விட்டு, நிற்கும்போது இழுத்து, அதன் வலிமைக்கு மதிப்புக் கொடுத்தே வெல்ல வேண்டும். மீனுக்கும் ஒரு வாய்ப்பைக் கொடுத்துவிட்டு ஆடுவதே ஆட்டம் என்பது அவர்கள் கொள்கை.

அம்முறைமை கழகத்தோடு நிற்கவில்லை, சட்டத்திலும் உள்ளது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடலில் தூண்டில் போட உரிமம் வேண்டும். ஸால்மன் பிடிக்கும் முள்ளில் எதிர்நாக்கு இருக்கக் கூடாது. இருந்தால் மீனை விடும்போது வாய் கிழிந்துவிடும். இத்தனை மீனுக்குமேல் எடுக்கக் கூடாது, இந்த அளவுக்குக் குறைந்ததை வைத்துக்கொள்ளக் கூடாது என்ற வரம்புகள் உண்டு. ஹாலிபட்டில் ஓர் அளவுக்கு மேற்பட்டதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. மிகப் பெரியவை பெரும்பாலும் தாய் மீன்கள். ஒவ்வொன்றும் இலட்சக்கணக்கில் முட்டையிடும். நம் பேட்கிக்கும் இதே நிலைதான். கொடுவா பெரும்பாலும் ஆணாகவே வளர்ந்து, சில ஆண்டுகள் சென்றபின் பெண்ணாக மாறுகின்றது. ஆகவே குட்டியைப் பிடித்தால் தந்தை இல்லை. மிகப் பெரியதைப் பிடித்தால் தாய் இல்லை. ஆஸ்திரேலியாவில் இம்மீனையே பாராமுண்டி என்று கொண்டாடுகின்றனர். அங்குக் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும், 120 சென்டிமீட்டருக்கு மிகுந்ததையும் நீரிலேயே விட்டுவிட வேண்டும் என்பது விதி. இதைப் படித்தபோதுதான், கானிங்கில் கையை நனைத்துக்கொண்டு குட்டியை விட்ட தாதாவின் முகம் நம் கண்முன் வந்தது. அவர் சட்டம் படித்தவர் அல்லர். அவருடைய தந்தையார் அப்படிச் செய்யக் கண்டவர்.

இவை யாவும் வெள்ளையர் கண்டுபிடித்த நாகரிகம் என்று எண்ணிவிட வேண்டாம். பசிபிக் கரையின் பழங்குடியினரான ஹைடா, டிலிங்கிட் மக்கள் ஹாலிபட்டுக்கென்று மரத்தில் முள் செதுக்கினர். மிகச் சிறிய மீன் அதைக் கவ்வ முடியாது. மிகப் பெரிய மீனின் வாய் அதற்குள் நுழையாது. நடுத்தர மீனே மாட்டும். வரம்பைச் சட்டமாக எழுதாமல் கருவியிலேயே செதுக்கிவிட்டனர். அக்கரையின் பல குடிகளில், ஆண்டின் முதல் ஸால்மனை வணங்கி உண்டு, அதன் எலும்புகளை ஆற்றுக்கே திருப்பிக் கொடுக்கும் சடங்கு உண்டு.

நம் நாட்டிலும் தூண்டில் விளையாட்டு மிகப் பழையது. 12-ஆம் நூற்றாண்டில் கலியாணியிலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூலில் மத்ஸ்ய விநோதம் என்றொரு பகுதி உண்டு. எந்த மீன் கடலில் வாழும், எது ஆற்றில் வாழும், எதற்கு எந்த இரை, கோலும் கயிறும் எப்படி அமைய வேண்டும் என்றெல்லாம் அதில் கூறியிருக்கின்றான். அப்பகுதியை ஆராய்ந்து 1951-இல் ஆசியக் கழகத்தின் இதழில் எழுதியவர் சுந்தர் லால் ஹோரா. இந்தக் கல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தலைவராக இருந்தவர் அவர்.

இவ்வளவும் கேட்ட பிறகு, “ஸால்மன் எங்கோ இருக்கின்றது, நமக்கென்ன?” என்று ஒருவர் கேட்கலாம். ஸால்மனின் வாழ்க்கையை அறிந்தால் அப்படிக் கேட்கமாட்டார். அது ஆற்றில் பிறக்கின்றது. குஞ்சுப் பருவத்தில் கடலுக்குப் போகின்றது. ஆண்டுகள் பல கடலில் வளர்கின்றது. பிறகு, தான் பிறந்த ஆற்று நீரின் மணத்தை அறிந்து அதே ஆற்றுக்குத் திரும்பி, அருவிகளைத் தாவி ஏறி, முட்டையிட்டு அங்கேயே இறக்கின்றது. நம் இலிஷும் இவ்வாறே கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி முட்டையிடும் மீன். முட்டையிட்டதும் இறப்பதில்லை, கடலுக்குத் திரும்பிவிடும். அவ்வளவே வேறுபாடு. தூண்டிலுக்கு அது எளிதில் அகப்படாது. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டி உண்பதால் புழுவையும் இறாலையும் அது மதிப்பதில்லை. வலைதான் அதற்கு எமன். தமிழில் அதற்கு உல்லம் என்று பெயர். கொள்ளிடத்தில் ஒரு காலத்தில் அது ஏறி வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் சென்னை மாகாணத்து மீன்துறையினர் கொள்ளிடக் கரையில் உல்லத்தின் முட்டையைப் பொரிக்க வைக்க முயன்றனர் என்றால், அன்று அம்மீனுக்கு இருந்த மதிப்பை எண்ணிப் பாருங்கள். 1934-இல் மேட்டூர் அணை எழுந்தது. உல்லம் காவிரியில் மேலே ஏறிய காலம் முடிந்தது.

கங்கையிலும் அதே கதைதான். அலகாபாத் வரைக்கும் அதற்கு அப்பாலும் இலிஷ் ஏறிய காலம் ஒன்று இருந்தது. 1975-இல் ஃபராக்கா அணை செயற்படத் தொடங்கியது. ஹூக்ளியில் நீர் வேண்டும், கல்கத்தாத் துறைமுகம் மண்மேடாகிவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். நோக்கத்தைக் குறை கூற முடியாது. ஆனால் மீனின் பாதையில் கதவு விழுந்துவிட்டது. நாம் வடக்கு வங்காளத்துக்குப் போகும் வண்டிகள் அந்த அணையின்மேல்தான் செல்கின்றன. இரவில் வண்டி அதன்மேல் மெதுவாக ஊர்ந்து செல்லும்போது, கீழே கதவண்டை முட்டி நிற்கும் மீன்களை நாம் நினைப்பதுண்டு.

இரயில்வேக்காரன் என்ற முறையில் நமக்கு இன்னொரு உறுத்தலும் உண்டு. கனடாவில் ஃப்ரேசர் ஆற்றின் குறுகிய மலையிடுக்கு ஒன்றுக்கு நரக வாயில் என்று பெயர். 1913-இல் அங்கே இருப்புப்பாதை போடுவதற்காகப் பாறைகளை வெடிவைத்துத் தகர்த்தனர். கற்கள் ஆற்றில் விழுந்தன. 1914-இல் மலையே சரிந்தது. நீரின் வேகம் மிகுந்து, ஏறி வந்த ஸாக்கை ஸால்மன்கள் இலட்சக்கணக்கில் அங்கேயே தடைபட்டு மாண்டன. உலகத்தின் பெரிய ஸால்மன் ஆறுகளுள் ஒன்று சில நாள் வேலையால் வறண்டதுபோல் ஆயிற்று. ஆனால் அம்மக்கள் அதோடு விட்டுவிடவில்லை. கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து ஆணையம் அமைத்து ஆராய்ந்து, 1945, 1946 ஆண்டுகளில் அங்கே மீன்கள் ஏறுவதற்கென்று சிமெண்டு வழிகளைக் கட்டின. முழுமையாக இல்லாவிட்டாலும் மீன்கள் திரும்பி வந்தன. ஹாலிபட்டுக்காக அவ்விரு நாடுகளும் 1923-இலேயே உடன்படிக்கை செய்து, குளிர்கால மூன்று மாதம் வலைக்கும் தூண்டிலுக்கும் விடுமுறை விட்டன. கெடுத்தவன் மனிதன், திருத்தவும் அவனால் முடியும் என்பதற்கு இவை சான்று. பாரக்பூரிலுள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இலிஷ் மீன்களைப் பிடித்து, சிலவற்றுக்கு அடையாளமிட்டு, ஃபராக்கா அணைக்கு மேலே கொண்டுபோய் விட்டிருக்கின்றனர். மீனுக்குக் கைகொடுத்து அணையைத் தாண்டுவிக்கும் இச்செயலை நினைக்கும்போது மனம் நெகிழ்கின்றது.

நேர்மையாக ஒன்றைக் கூற வேண்டும். “உண்பதற்காகப் பிடித்தாலும் பொறுக்கலாம், விளையாட்டுக்காக ஓர் உயிரின் வாயில் முள்ளைக் குத்தலாமா?” என்று நம் சங்கத்து மூத்த அன்பர் ஒருவர் கேட்டார். அதற்கு நம்மிடம் முழுமையான விடை இல்லை. முள் வலிக்காது என்று பொய் சொல்லமாட்டோம். ஆனால் ஒன்று. வலை கண்ணில்லாதது, அகப்பட்டதையெல்லாம் வாரும். தூண்டிற்காரன் ஒவ்வொரு மீனையும் கையில் ஏந்தி, அதன் கண்ணைப் பார்த்து, இதை வைத்துக்கொள்வதா விடுவதா என்று ஒரு கணம் நினைத்தாக வேண்டும். அந்த ஒரு கணத்தில்தான் தாதா நமக்குக் குருவானார். அதே சமயம், வலை வீசும் மீனவரை நாம் பழிக்கவும் இல்லை. நமக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. அவர்க்கு அன்றாடச் சோறு. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், நம் தமிழ்நாட்டு மீனவரும் வங்காளத்து மீனவரும் இயந்திரப் படகைக் கரையில் கட்டிவிட்டு இருக்கின்றனர், மீன் பெருகட்டும் என்று. அவர்கள் வயிற்றைக் கட்டிக் காக்கும் நோன்பை, வாங்கும் நாம் ஒரு நாளில் முறித்துவிடுகின்றோம்.

எப்படி என்கின்றீர்களா? மேற்கு வங்காளத்தில் 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த இலிஷைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். ஆயினும் கோகா இலிஷ் கூடையில் வருகின்றது. ஏன் வருகின்றது? நாம் வாங்குவதால். அன்று நாம் வாங்கிய ஆறும் கடலையே பார்த்திராத பிள்ளைகள். ஒரு முறையேனும் கடலுக்குப் போய்த் திரும்பியிருந்தால், ஒவ்வொன்றும் இலட்சக்கணக்கில் முட்டை சுமந்து இந்த ஹூக்ளியில் ஏறியிருக்கும். மைத்துனர் முன் மானம் காக்க ஓர் ஆற்றின் பிள்ளைகளை வறுத்தோம். இதை உணர்ந்த மறுநாள் தாதாவிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “நானும் பல ஆண்டு வாங்கியவன்தான், தம்பி. என் பேரனுக்குப் பெரிய இலிஷின் சுவை தெரியவில்லை. அதன் பிறகே நிறுத்தினேன்” என்றார்.

அன்பர்களே, நாமும் ஒரு வகையில் அம்மீன்களைப் போன்றவர்களே. காவிரிக் கரையிலும் தாமிரபரணிக் கரையிலும் பிறந்து, பிழைப்பைத் தேடி இக்கங்கைக் கரைக்கு வந்தோம். ஆண்டுக்கொரு முறை ஹவுராவில் சென்னை மெயில் ஏறும்போது, நம்மை ஊருக்கு இழுத்துச் செல்வது எதுவோ, அதுவே அந்த மீனையும் இழுக்கின்றது. நமது பாதை அடைபட்டால் அது எவ்வளவு துன்பம் என்று நமக்குத் தெரியும். வண்டி ஒரு நாள் தாமதமானாலும் தவித்துப்போகின்றோம்.

ஆகவே இச்சபையின் முன் ஒரு விண்ணப்பம் வைக்கின்றோம். மீன் உண்ணும் குடும்பத்தார் இவ்வாண்டு முதல் கோகா இலிஷை வாங்குவதில்லை என்று உறுதி கொள்ளுங்கள். 23 சென்டிமீட்டர் என்பது விரித்த கையில் ஏறத்தாழ ஒரு சாண். அங்காடிக்கு அளவுகோல் எடுத்துச் செல்ல வேண்டுவதில்லை. ஒரு சாணுக்குக் குறைந்தால், “இது வேண்டாம், வளரட்டும்” என்று விற்பவர் காது கேட்கச் சொல்லுங்கள். இரண்டு ஞாயிறு கோகாவுக்குச் செலவிடும் பணத்தைச் சேர்த்து வைத்தால் பெரிய மீனில் இரண்டு துண்டு வாங்கலாம். புலால் உண்ணாத அன்பர்கள் தம் அண்டை வீட்டாருக்கு இதை எடுத்துச் சொல்லலாம். அவர்கள் சொல்லுக்கு எம் சொல்லைவிட வலிமை அதிகம். தூண்டில் போடும் இளைஞர்கள் கையை நனைத்துக்கொண்டு குட்டியை விடப் பழகுங்கள்.

தாதா ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது அவரால் கானிங் வரை வர முடிவதில்லை. சென்ற ஆண்டு நாம் தனியே சென்றோம். குட்டிக் கொடுவா ஒன்று அகப்பட்டது. கையை நனைத்துக்கொண்டு, முள்ளைக் கழற்றி, நீரில் தாங்கிப் பிடித்து விட்டோம். பக்கத்தில் நின்ற ஒரு சிறுவன், “ஏன் விட்டுவிட்டீர்கள்?” என்று வங்காளியில் கேட்டான். நாமும் வங்காளியிலேயே விடை கூறினோம். நமக்குக் கற்றுக்கொடுத்த அதே சொல்தான்: “வளரட்டும்.”